தாத்தாவின் கிராமபோன் பெட்டி

அன்புள்ள ஐயா,

வணக்கம். தாத்தா வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு கிராமபோன் கிடைத்தது. கறுப்பு நிறம், சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகலாம். படம் அனுப்பியிருக்கிறேன். சாவி கொடுத்தால் ஓடுகிறது. ஆனால் நடுநடுவே உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம், அப்போது பாட்டும் துள்ளுகிறது. பாதி இசைத்தட்டு ஓடுவதற்குள் இழுக்க ஆரம்பித்துவிடுகிறது. குரல் தகரத்தைத் தட்டுவதுபோல் கேட்கிறது. கடையில் கொடுத்திருக்கிறேன். வேறு மோட்டார் போட்டு, புது ரெக்ஸின் ஒட்டி, மேலே பித்தளைக் குழாயும் வைத்துத் தருகிறோம் என்கிறார்கள். செய்யலாமா? தட்டுகள் பதினைந்து இருக்கின்றன, நாடகப் பாடகர் கிட்டப்பா பாடியது ஒன்று. எல்லாம் பூசணம் பிடித்துக் கிடக்கின்றன. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

செ.

அன்புள்ள செ.,

இரண்டும் வேண்டாம். முதலில் பெட்டியைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

படத்தில் இருப்பது எச்.எம்.வி. கம்பெனியின் 102. 1931இல் வந்த மாடல், 1950கள் வரை விற்றது. இதற்கு வெளிக்குழாயே கிடையாது. குழல் பெட்டிக்குள்ளேயே வளைந்து போகிறது. பாட்டு பின்பக்கமாக ஏறி, திறந்து வைத்த மூடியில் பட்டு நம்மிடம் வரும். சுற்றுலா வருகிறவர்களுக்கு விற்கும் பித்தளைக் குழாய் கிராமபோன்கள் பெரும்பாலும் புதிதாகச் செய்த பெட்டிகள். அவற்றுக்கு மோட்டார் உங்களுடையது மாதிரிப் பெட்டிகளைப் பிரித்துத்தான் கிடைக்கிறது. எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

சரி, அந்த ‘டொக்’. மோட்டார் கெடவில்லை, கிரீஸ் காய்ந்திருக்கிறது. டப்பா மாதிரி ஓர் உருளைக்குள் பல அடி நீளத்துக்கு எஃகு ஸ்பிரிங் சுருண்டு கிடக்கிறது. பழைய கிரீஸ் மெழுகாக இறுகி, சுற்றோடு சுற்று ஒட்டிக்கொள்ளும். விடுபடும்போது மொத்தமாக விடுபடும். அந்த அதிர்ச்சியில் ஸ்பிரிங் முறிந்தும் போகலாம். ஆகவே இனிமேல் சாவி கொடுத்துப் பார்க்காதீர்கள். பிரேக்கைத் தளர்த்திவிட்டு, தட்டுமேடை தானாக நிற்கும்வரை சுற்ற விடுங்கள். அதற்குப் பிறகுதான் திருப்புளியைத் தொட வேண்டும். ஸ்பிரிங் உருளையை மட்டும் நீங்கள் திறக்க வேண்டாம். சீறி வெளியே வந்தால் கையைக் கிழித்துவிடும். பழைய சுவர்க்கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் ஊரில் இருந்தால் அவரிடம் கொடுங்கள். மண்ணெண்ணெயில் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, புது கிரீஸ் வைக்கச் சொன்னால் போதும்.

அவர் மோட்டாரைத் திறக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைப் பாருங்கள். மெல்லிய தகட்டு வில்களில் மூன்று சின்ன எடைகள் தொங்கும். வேகம் கூடினால் அவை வெளியே விரியும். விரியும்போது ஒரு வட்டத்தகட்டை இழுத்து, தோல் துண்டு ஒன்றோடு உரச வைக்கும். அந்த உரசல்தான் வேகத்தை நிமிடத்துக்கு 78 சுற்றில் பிடித்து நிறுத்துகிறது. அந்தத் தோல் காய்ந்திருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள். வேகம் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். தட்டின் விளிம்புக்கடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். பாட்டு ஓடும்போதே எண்ண வேண்டும், ஊசியின் பாரம் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும்.

தகரக் குரலுக்குக் காரணம், ஊசி மாட்டும் வட்டமான சவுண்ட் பாக்ஸாகத்தான் இருக்கும். உள்ளே அதிர்ந்து ஒலி எழுப்பும் உதரவிதானத்தைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையங்கள் இத்தனை வருஷத்தில் கல்லாகியிருக்கும். மெல்லிய மிருதுவான ரப்பர் குழாயை அளவாக வெட்டி வைத்தால் குரல் திரும்பிவிடும். உதரவிதானம் காகிதம்போல் மெல்லிய அலுமினியம், விரல் படக்கூடாது.

பெட்டிக்குப் புது ரெக்ஸின் வேண்டவே வேண்டாம். கறுப்பு ஷூ பாலிஷ் போதும். தாத்தா கை பட்டுத் தேய்ந்த பிடி அப்படியே இருக்கட்டும்.

அப்புறம் தட்டுகள். தச்சர்கள் ஸ்பிரிட்டில் எதைக் கரைத்து மரத்துக்குப் பாலிஷ் போடுகிறார்கள்? அரக்கைத்தான். உங்கள் தட்டும் அதே அரக்கோடு கல்தூளும் கரியும் சேர்த்து அழுத்தியது. இருபது வயதில் என் அத்தையின் தட்டு ஒன்றை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். பஞ்சு கறுத்தது. அழுக்கு வருகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் அழுத்தினேன். வந்தது பாட்டு. அந்த இடத்தில் இன்றும் வெறும் இரைச்சல்தான். நீங்கள் ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் மிருதுவான துணியை நனைத்துப் பிழிந்து, வரிகள் ஓடும் திசையிலேயே துடையுங்கள். நடுவில் இருக்கும் லேபிள் நனையக்கூடாது. நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் வளைந்துவிடும்.

ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று. கல்தூள் கலந்த தட்டு எஃகு ஊசியை மூன்று நிமிடத்தில் தேய்த்துவிடும். தேய்ந்த ஊசி அடுத்த பாட்டில் வரியைச் சீவும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். பெட்டியின் மூலையில் வெளியே திரும்பும் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும், புது ஊசி வைக்கத்தான் அது. பழையதை அதில் போட்டுவிடாதீர்கள்.

கிட்டப்பாவை முதலில் வைக்காதீர்கள். 1933இல், 27 வயதில் போய்விட்டவர். அவர் குரல் நமக்குத் தட்டுகளில்தான் மிஞ்சியிருக்கிறது. விளிம்பு உடைந்த தட்டு ஒன்றாவது அந்தப் பதினைந்தில் இருக்கும், அதை நாலைந்து தடவை ஓட்டிப் பாருங்கள். வேகம் நிலையாக நின்று, துள்ளல் நின்ற பிறகு கிட்டப்பாவை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்து மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள். எந்தப் பாட்டு என்று எனக்கு எழுதுங்கள்.