தந்தையைச் சிறு விமானத்தில் ஏற்றுவது குறித்து

வணக்கம். பக்கவாதத்தால் இடது கால் வலுவிழந்த உங்கள் தந்தையை நண்பரின் பைப்பர் செரோக்கி விமானத்தில் ஏற்ற வழி கேட்டிருந்தீர்கள். முடிந்தால் விமானத்தையே மாற்றுங்கள் என்பதுதான் என் கருத்து. செரோக்கியின் ஒரே பயணிகள் கதவு வலப்புற இறக்கைக்கு மேலே இருப்பதால், இறக்கைமீது ஏறிக் குனிந்து உள்ளே இறங்க வேண்டும். அவசரத்தில் அவரைத் தாண்டித்தான் விமானியும் வெளியேற வேண்டியிருக்கும். செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் இறக்கை மேலே இருக்கிறது, இருபுறமும் கதவு உண்டு.

அதில் ஏற்றும்போது, எஞ்சின் முற்றிலும் நின்ற பிறகு, வலது முன்னிருக்கையைப் பின்னே தள்ளி, ஆடாத அகலமான படியொன்றை வைத்து, விமானத்துக்கு முதுகு காட்டி அவரை நிற்கச் செய்து, முதலில் இருக்கை விளிம்பில் உட்கார வைத்த பிறகே கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வையுங்கள். இருக்கையில் வழுக்கும் துணியை விரித்தால் உடல் எளிதில் திரும்பும். உட்கார்ந்ததும் அதை உருவிவிடுங்கள். கதவையோ கட்டுப்பாட்டுப் பிடியையோ பற்றி எழ அவரை விடாதீர்கள் (பதற்றத்தில் எல்லோருடைய கையும் அங்கேதான் போகும்). இருக்கை, அது நகரும் தண்டவாளத்தில் பூட்டிக்கொண்டதா என்று அசைத்துப் பாருங்கள். இடது கால் தானாக விறைப்பவராயின், காலடியிலுள்ள கட்டுப்பாட்டுப் பெடலைத் தொடாத தொலைவில் இருக்கையை நிறுத்துங்கள், அல்லது பின்னிருக்கையை யோசியுங்கள்.

சக்கர நாற்காலியின் எடையை விமானியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். 172-இன் சரக்கறை சுமார் 54 கிலோவையே தாங்கும். பறக்கும் நாளுக்கு முன்பே, தரையில் ஒருமுறை அவரை இறக்கியும் பாருங்கள். ஏற்றுவதைவிட இறக்குவதுதான் கடினம்.