ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள் தொடங்கிய மாணவர் பரிமாற்றம்

அன்புள்ள ஐயா,

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். என்னிடம் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண், ஏ.எஃப்.எஸ். என்ற அமைப்பு வழியாக ஒரு வருடம் வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்க ஆசைப்படுகிறாள். அவள் அப்பா என்னிடம் யோசனை கேட்டார். நானும் கொஞ்சம் தேடிப் படித்தேன். அந்தப் பெயரின் விரிவு 'அமெரிக்கன் ஃபீல்ட் சர்வீஸ்' என்றும், அது முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய அமைப்பு என்றும் இருக்கிறது. போர்முனை ஆம்புலன்ஸுக்கும் பள்ளி மாணவர்களுக்கும் என்ன சம்பந்தம்? பக்கத்து ஆசிரியர் ஒருவர், "எல்லாம் அமெரிக்கா தன் புகழைப் பரப்புவதற்குச் செய்கிற ஏற்பாடு" என்கிறார். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

– ஒரு வரலாற்று ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஆம்புலன்ஸ் கதை.

1914இல் போர் தொடங்கியபோது பாரிஸ் அருகே நெயியில் அமெரிக்க மருத்துவமனை ஒன்று இருந்தது. காயம்பட்டவர்கள் வந்து குவிந்ததும், பக்கத்தில் கட்டி முடியாமல் இருந்த ஒரு பள்ளிக் கட்டடத்தையும் சேர்த்துப் போர் மருத்துவமனையாக்கினார்கள். அங்கே ஆம்புலன்ஸ் ஓட்ட வந்தவர்களில் ஒருவர் பியட் ஆண்ட்ரூ. ஹார்வர்டில் பொருளாதாரம் நடத்தியவர், அமெரிக்க நாணயச் சாலையின் இயக்குநராக இருந்தவர். காயம்பட்டவன் பாரிஸ் வந்துசேரும்வரை காத்திருப்பதில் பயனில்லை, வண்டி போர்முனைக்கே போக வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். 1915இல் பிரெஞ்சு ராணுவத்திடம் பேசி அதற்கு ஒப்புதல் வாங்கினார்.

அப்படிப் போனவர்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள். அமெரிக்கா அப்போது போரில் சேரவே இல்லை. பலர் கப்பல் கட்டணமும் சீருடைச் செலவும் தாங்களே போட்டுக்கொண்டு வந்தார்கள். ஓட்டியது ஃபோர்டு மாடல் டி. எடை குறைவான வண்டி. பிரான்சின் கிழக்கே இருக்கும் வோஜ் மலைப்பகுதியில் அதுவரை கோவேறு கழுதை மேல் வைத்து இறக்கப்பட்ட காயம்பட்ட வீரர்களை அந்தச் சின்ன வண்டிகள் இறக்கின. 1915 கிறிஸ்துமஸ் அன்று விடிவதற்கு முன் அந்த மலைப்பாதையில் ஏறிப்போய்க்கொண்டிருந்தபோது ரிச்சர்ட் ஹால் என்ற இளைஞர் குண்டு விழுந்து இறந்தார். அந்த அமைப்பு இழந்த முதல் உயிர் அது. 1916இல் பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் மாதக்கணக்கில் மோதிய வெர்தன் போரிலும் அவர்கள் இருந்தார்கள். 1917இல் அமெரிக்கா போரில் இறங்கி, அமைப்பை அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்டபோது தொண்டர்கள் சுமார் 2,500 பேர்.

உங்கள் கேள்விக்கான விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்தப் பையன்கள் அமெரிக்கப் படையோடு போகவில்லை. பிரெஞ்சு டிவிஷன்களோடு சிறு சிறு குழுக்களாக இணைக்கப்பட்டார்கள். பிரெஞ்சு வீரனுக்கு என்ன சாப்பாடோ அதுதான் இவர்களுக்கும். மொழி அரைகுறை. கட்டளை பிரெஞ்சு அதிகாரியிடமிருந்து வரும். சுற்றிலும் இன்னொரு நாட்டுக்காரர்கள் இருக்க, நடுவே ஒரு கைப்பிடி அந்நியர்கள் மாதக்கணக்கில் சேர்ந்து வாழ்ந்து, பயன்பட்டு, ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள். சுற்றுலாப் பயணிக்கும் மாநாட்டுப் பிரதிநிதிக்கும் இது கிடைக்காது. பின்னாளில் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு ஏ.எஃப்.எஸ். ஏற்படுத்திக்கொடுத்ததும் இதே அனுபவத்தைத்தான், குண்டுச் சத்தம் மட்டும் இல்லாமல்.

ஆனால் அது உடனே நடந்துவிடவில்லை. முதல் போருக்குப் பின் பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே பல்கலைக்கழக மாணவர்களுக்கான உதவித்தொகையாக ஒரு சிறிய திட்டம் நடந்தது. 1936இல் ஆண்ட்ரூ இறந்தார். முதல் போரில் அவருக்குத் துணையாக இருந்த ஸ்டீஃபன் கலாட்டி பொறுப்பேற்றார். 1939இல் அடுத்த போர் வந்தது, மறுபடியும் ஆம்புலன்ஸ். இந்த முறை பிரான்ஸ் வீழ்ந்தபிறகு பிரிட்டிஷ் படைகளோடு வட ஆப்பிரிக்கா, இத்தாலி. வகுப்பில் உங்கள் மாணவர்களுக்குச் சொல்ல ஒரு செய்தி: இந்த ஓட்டுநர்கள் இந்திய-பர்மா முனையிலும் இருந்தார்கள். இந்திய வீரர்களே பெரும்பான்மையாக இருந்த பிரிட்டிஷ் பதினான்காம் படையின் காயம்பட்டவர்களை 1944இல் இம்பால் பக்கத்தில் ஏற்றி இறக்கினார்கள். 1945 ஏப்ரலில் ஜெர்மனியில் நாஜிகள் நடத்திய பெர்கன்-பெல்சன் வதைமுகாம் விடுவிக்கப்பட்டபோது, உயிரோடு மிஞ்சியவர்களை அங்கிருந்து வெளியேற்றும் வேலையிலும் இருந்தார்கள்.

1946இல் பழைய ஓட்டுநர்கள் நியூயார்க்கில் கூடினார்கள். போர் முடிந்துவிட்டது, அமைப்பைக் கலைத்திருக்கலாம். இரண்டு போர்களின் பிணங்களையும் பார்த்துவிட்டவர் கலாட்டி. அவர் பள்ளி மாணவர்களைத் தேர்ந்தெடுத்தார். கல்லூரி மாணவனுக்கு ஓரளவு கருத்து உறைந்துவிடும், தனியாக விடுதியில் தங்கிப் படித்துத் திரும்பிவிடுவான். பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஒரு வீடு வேண்டும், அதட்ட ஒரு அம்மா வேண்டும். 1947-48இல் 10 நாடுகளிலிருந்து 52 பேர் அமெரிக்கா வந்தார்கள். அதில் நார்வே, ஹங்கேரி, சிரியாவும் உண்டு.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்நியக் குடும்பத்தோடு தங்குவது என்ற யோசனை இவர்களுடையது மட்டும் அல்ல. டொனால்ட் வாட் என்பவர் 1932இல் தொடங்கிய 'எக்ஸ்பெரிமென்ட் இன் இன்டர்நேஷனல் லிவிங்' அதைப் போருக்கு முன்பே வளர்த்திருந்தது. ஏ.எஃப்.எஸ். செய்தது, அதை ஒரு முழுப் பள்ளி ஆண்டாக நீட்டியது. ஊர் ஊராகத் தொண்டர்களைச் சேர்த்து நிலைக்க வைத்தது.

சரி, உங்கள் நண்பரின் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். 1949 முதல் ஜெர்மன் மாணவர்கள் வர ஆரம்பித்தார்கள். அதற்கு அமெரிக்க அரசின் பணம் உதவியது. தோற்ற நாட்டின் இளைஞர்களுக்கு ஜனநாயகம் கற்பிக்க வேண்டும் என்ற நோக்கம் அரசுக்கு இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஆண்டு முடிந்து ஊர் திரும்புகிற மாணவர்களை வெள்ளை மாளிகைப் புல்வெளியில் கென்னடி வரவேற்றுப் பேசினார். பனிப்போர்க் காலத்தில் அது அரசியல் இல்லாத காட்சி என்று யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்க மாணவர்கள் வெளியே போகும் கோடைத் திட்டம் 1950இல் வந்தது, பள்ளி ஆண்டுத் திட்டம் இன்னும் தாமதமாக வந்தது. எப்படிப் பார்த்தாலும் பயணத்தின் ஒரு முனை எப்போதும் அமெரிக்காவாக இருந்தது. இதைப் பெரிய குறையாகவே நான் பார்க்கிறேன்.

ஆனால் உங்கள் நண்பர் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார். ஒன்று, ஜெர்மன் பையனுக்குச் சோறு போட்டது அமெரிக்க அரசு அல்ல, ஒரு குடும்பம். அந்த ஊரில் ஜெர்மானியரோடு போரிட்டு இறந்த ஒரு மகனின் படம் ஏதோ ஒரு வீட்டுச் சுவரில் நிச்சயம் இருந்திருக்கும். போர் முடிந்து நான்கே வருடம். கூலி வாங்காமல் ஒரு குடும்பம் அந்தப் பையனுக்குப் படுக்கை ஒதுக்குகிறது, பள்ளிக்கு அனுப்புகிறது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்கிறது. எந்த வெளியுறவுத் துறையும் உத்தரவு போட்டு இதைச் செய்ய வைக்க முடியாது. பரிமாற்றத்தின் வரலாறு என்றால் எல்லோரும் பயணம் போன மாணவனைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். 1973-74இல் மேரிலாந்தில் இப்படிப் படித்த பிரெஞ்சுப் பெண் கிறிஸ்டின் லகார்ட் பிறகு ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவரானார் என்று சொல்வதில் நமக்கு ஒரு பெருமிதம். கதவைத் திறந்துவிட்ட குடும்பங்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. என் மதிப்பில் இந்த அமைப்பின் முதுகெலும்பு அவர்கள்தான்.

இன்னொன்று, அமைப்பு தன்னைத் திருத்திக்கொண்டது. கலாட்டி 1964இல் இறந்தார். 1971இல் அமெரிக்காவைத் தொடாமலே மற்ற நாடுகளுக்கிடையே மாணவர்கள் போய்வரும் திட்டம் தொடங்கியது. ஜெர்மனியிலிருந்து பிரேசிலுக்கு, ஜப்பானிலிருந்து நார்வேக்கு என்று போகலாம் என்றானது. அமெரிக்கர்கள் தொடங்கிய ஒரு அமைப்பு தன் நாட்டை மையத்திலிருந்து தானே எடுத்துவிடுவது சாதாரண காரியமா? பள்ளி மாணவர்களை அழைப்பது என்று 1946இல் எடுத்த முடிவைவிட இந்த முடிவை நான் பெரியதாக மதிக்கிறேன். இன்று ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனி அமைப்பாக, 50க்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்குகிறது. இந்தியாவிலும் இருக்கிறது.

அப்புறம், உங்கள் மாணவியின் அப்பாவுக்கு. இது கல்விச் சுற்றுலா அல்ல என்பதை அவர் புரிந்துகொள்ள வேண்டும். மகள் அங்கே விருந்தாளியாக இருக்கப் போவதில்லை. பாத்திரம் கழுவச் சொன்னால் கழுவ வேண்டும், வீட்டுக்கு வரும் நேரத்துக்குக் கட்டுப்பட வேண்டும். முதல் சில மாதங்கள் அழுகை வரும். அப்போது தினமும் வீடியோ காலில் மணிக்கணக்கில் பேசினால் அங்கே வேர் பிடிக்காது. குடும்பத்துக்கு வெளியே, அந்த ஊரில் அவளுக்கென்று ஒரு தொண்டரை நியமிப்பார்கள். சிக்கல் என்றால் முதலில் அவரிடம் பேசலாம், தேவைப்பட்டால் வீடும் மாற்றிக்கொடுப்பார்கள். இந்த ஏற்பாட்டைப் பற்றி விண்ணப்பிக்கும்போதே விளக்கமாகக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பெண் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி அது. செலவு கணிசமானது, உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். அங்கே படித்த ஆண்டு இங்கே கணக்கில் வருமா, திரும்பி வந்தால் எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்பதைத் தலைமை ஆசிரியரிடம் பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள். அது உங்களால் முடியும் என்பதால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

இன்னொரு யோசனையும் உண்டு. வெளிநாட்டு மாணவர்களும் இந்தியா வருகிறார்கள், அவர்களுக்கு இங்கேயும் வீடுகள் தேவை. மகளை அனுப்பத் தயாராக இருக்கும் அந்த அப்பா, ஒரு பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளவும் தயாரா என்று கேட்டுப் பாருங்கள்.