கைபேசிக்குக் கிடைக்கும் வைஃபை கணினியில் மட்டும் ஏன் அறுகிறது?

கேள்வி: எங்கள் வீட்டு வைஃபையில் இரண்டு கைபேசிகளும் தொலைக்காட்சியும் எந்தத் தொல்லையும் இல்லாமல் இயங்குகின்றன. என் லேப்டாப்பில் மட்டும் இணைப்பு அடிக்கடி அறுந்துவிடுகிறது. வைஃபை குறி முழுமையாகத் தெரியும். ஆனால் எந்தப் பக்கமும் திறக்காது. வைஃபையை அணைத்து மீண்டும் போட்டால் சரியாகிவிடும். கால் மணி நேரத்தில் மறுபடியும் அதே கதை. அலுவலகக் காணொலிக் கூட்டங்களில் நான் மட்டும் உறைந்துபோய் நிற்கிறேன். வெளி ஹார்ட் டிஸ்க்கில் படங்களைப் பதிந்துகொண்டே வேலை செய்யும்போது தொல்லை அதிகமாக இருப்பதுபோல் தோன்றுகிறது. அது என் பிரமையாகவும் இருக்கலாம். இணைய சேவை நிறுவனத்தார் இரண்டு முறை வந்து பார்த்து, லைனில் குறை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விண்டோஸை மீண்டும் நிறுவலாமா, அல்லது ரவுட்டரையே மாற்றிவிடலாமா?

பதில்: இரண்டையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். ஒரே ரவுட்டரில் மற்றக் கருவிகள் ஒழுங்காக ஓட, ஒன்று மட்டும் தடுமாறினால், வெளியிலிருந்து வரும் லைன்மீது சந்தேகப்படப் பெரும்பாலும் காரணம் இல்லை. ஆனால் “மற்றவை ஒழுங்காக ஓடுகின்றன” என்பதை ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது. தொலைக்காட்சியில் ஓடும் படம் அடுத்த பல விநாடிகளுக்கானதை முன்கூட்டியே வாங்கிச் சேர்த்துவைத்துக்கொள்வதால், ஐந்து விநாடி அறுப்பு அதில் தெரியவே தெரியாது. காணொலிக் கூட்டத்திலோ அதே ஐந்து விநாடியில் நீங்கள் உறைந்துவிடுவீர்கள். கைபேசியும் முழுக்க நம்பத்தக்க சாட்சி அல்ல. வைஃபை தடுமாறினால் ஓசையில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிக்கொள்ளும் கைபேசிகள் உண்டு. ஆகவே மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, லேப்டாப் இருக்கும் அதே மேசையில் கைபேசியை வைத்து, அரைமணி நேரம் ஒரு காணொலி அழைப்பைப் பேசிப் பாருங்கள். அதுவும் அறுந்தால் சிக்கல் உங்கள் லேப்டாப்பில் இல்லை. அறாமல் இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

அடுத்து, இணைப்பு எந்த இடத்தில் அறுகிறது என்று பார்க்க வேண்டும். லேப்டாப்பிலிருந்து இணையப்பக்கம் வரையிலான பாதையில் இரண்டு துண்டுகள் உள்ளன: லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் இடையே காற்றில் போகும் சில மீட்டர்கள் ஒன்று, ரவுட்டரைத் தாண்டி வெளியுலகம் வரை போகும் மிச்சம் மற்றொன்று. இவற்றைத் தனித்தனியே பார்க்க விண்டோஸிலேயே வசதி இருக்கிறது. கட்டளைகளைத் தட்டும் கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னலைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்ற கட்டளையைக் கொடுத்தால், டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் ரவுட்டரின் முகவரி தெரியும். பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். இரண்டு ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் அந்த முகவரிக்கும் மற்றொன்றில் கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கும் பிங் (ping) கட்டளையைக் கொடுங்கள்; அந்த முகவரி பதில் தருகிறதா, எவ்வளவு நேரத்தில் தருகிறது என்பதை அது காட்டும். கட்டளையின் கடைசியில் ஒரு சிறு கோடும் டி என்ற எழுத்தும் (-t) சேர்த்தால், நீங்கள் நிறுத்தும் வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டையும் திரையின் ஓரத்தில் ஓடவிட்டு, வழக்கமான வேலையைப் பாருங்கள்.

இணைப்பு அறும்போது இரண்டு ஜன்னல்களிலும் “ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்” (பதில் வரவில்லை) என்று வரத் தொடங்கினால், சிக்கல் லேப்டாப்பிலோ காற்றிலோ இருக்கிறது. ரவுட்டர் பதில் தந்துகொண்டிருக்க, வெளி முகவரி மட்டும் நின்றுபோனால், சேவை நிறுவனத்தாரை மூன்றாவது முறை அழைப்பதில் நியாயம் உண்டு. இரண்டும் ஓடுகின்றன, பக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ், இணைப்பை வேறொரு கணினி வழியாகத் திருப்பிவிடும் விபிஎன், வைரஸ் தடுப்பு மென்பொருள் ஆகியவற்றின் பக்கம் பாருங்கள். எப்போதோ ஒருமுறை ஒற்றை வரி தவறுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரவுட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாகவே வைத்திருக்கும். பலரும் இந்த இடத்தில் வேகச் சோதனைத் தளங்களை நாடுகிறார்கள். இணைப்பு இருக்கும்போது அது எவ்வளவு வேகம் என்பதைத்தான் அவை அளக்கும். உங்கள் புகாரோ இணைப்பு இல்லாமல் போவதைப் பற்றியது.

இனி ஹார்ட் டிஸ்க்குக்கு வருகிறேன். அது உங்கள் பிரமையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. யுஎஸ்பி 3.0 இணைப்பில் தரவு விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும்போது, கேபிளிலிருந்தும் இணைப்பு முனையிலிருந்தும் கசியும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவுகிறது. வைஃபையின் பழைய அலைவரிசையும் அதேதான். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. லேப்டாப்பின் வைஃபை ஆன்டெனா பெரும்பாலும் திரையின் சட்டத்துக்குள் இருப்பதால், இரைச்சலின் ஊற்று அதற்கு ஒரு சாண் தூரத்தில் அமைந்துவிடுகிறது. முழுமையாகத் தெரியும் வைஃபை குறியை நம்பி ஏமாறுவதும் இதனால்தான். அந்தக் கோடுகள் ரவுட்டரின் குரல் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதைக் காட்டுமே தவிர, பக்கத்தில் எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்பதைக் காட்டுவதில்லை.

சோதிப்பது எளிது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ரவுட்டருக்கான பிங்கை ஓடவிடுங்கள். 3, 4, 3 மில்லி விநாடி என்று அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும் எண்கள், டிஸ்க்கைச் செருகிப் படங்களைப் பதியத் தொடங்கியதும் 180, 410 என்று எகிறி, இடையிடையே பதிலே வராமல் போனால், கள்ளன் கையும் களவுமாகச் சிக்கிவிட்டான். வயரில்லா மவுஸ் வைத்திருந்தால் அதையும் கவனியுங்கள்: அவற்றில் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குபவையாதலால், பதிவு நடக்கும் அதே நேரத்தில் திரையில் அம்பு விட்டுவிட்டு நகரும். டிஸ்க்கை லேப்டாப்பின் மறுபக்கத்துக்கு மாற்றுவதும், சற்று நீளமான, நல்ல உறையிட்ட கேபிளைக் கொண்டு அதைத் திரையிலிருந்து தள்ளிவைப்பதும் பலன் தரும். அதைவிட நல்லது, லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குக் கொண்டுபோய்விடுவது.

இன்றைய ரவுட்டர்கள் பலவும் இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயரைச் சூட்டுகின்றன. எதில் சேர்வது என்பதைப் பெரும்பாலும் கருவியே முடிவு செய்கிறது, அந்த முடிவு எப்போதும் அறிவார்ந்ததாக இருப்பதில்லை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைத்து, லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் சேர்த்துப் பாருங்கள். ஓர் அலைவரிசைக்குள் இருக்கும் தனித்தனிப் பாதைகளைச் சேனல்கள் என்பார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மீது ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான்; அவற்றில்தான் அக்கம்பக்கத்து வைஃபைகளும் புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் முண்டியடிக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். ஆனால் சுவர்களைத் தாண்டும்போது அது விரைவில் சோர்ந்துவிடும். சேனலைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் 36 முதல் 48 வரையிலான ஒன்றில் நிறுத்துங்கள். 52 முதல் 144 வரை உள்ளவை ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளும் சேனல்களாக இருப்பதால், ரேடார் அலை வந்ததாகத் தோன்றினாலே ரவுட்டர் அந்தச் சேனலைக் காலி செய்துவிட்டு ஓடும். மற்றக் கருவிகள் 2.4-இல் இருக்க, உங்கள் லேப்டாப் மட்டும் அந்தச் சேனலில் இருந்திருந்தால், அறுப்பு உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

டிஸ்க்கைக் கழற்றியும் அலைவரிசையை மாற்றியும் தீரவில்லை என்றால், அணைத்துப் போட்டால் சரியாகிறது என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிதான் அடுத்த தடயம். வைஃபை அட்டை தூங்கிப்போய்ச் சரியாக விழிக்காமல் இருப்பதற்கும், அந்த அட்டையை விண்டோஸ் இயக்க உதவும் டிரைவர் மென்பொருள் சிக்கிக்கொள்வதற்கும் இதுவே அடையாளம். கணினியின் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற தலைப்பின் கீழ் உள்ள வைஃபை அட்டையை இருமுறை சொடுக்கி, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரத்தைச் சேமிக்க இக்கருவியை அணைக்கலாம் என்று கணினிக்கு அனுமதி தரும் குறியை எடுத்துவிடுங்கள். சில புதிய லேப்டாப்புகளில் அந்தப் பகுதியே இருக்காது; அப்போது சார்ஜரைச் செருகியிருக்கும்போதும் பேட்டரியில் ஓடும்போதும் வித்தியாசம் தெரிகிறதா என்று பார்த்தாலே ஓரளவு புரிந்துவிடும். டிரைவரைப் பொறுத்தவரை, “ஆகச் சிறந்த டிரைவர் ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ளது” என்று விண்டோஸ் சொல்வதை அப்படியே ஏற்காமல், லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கு உரியதை இறக்கி நிறுவுங்கள். அண்மையில் ஏதோ அப்டேட் ஆன பிறகே தொல்லை தொடங்கியது என்றால், ரோல் பேக் டிரைவர் என்ற பொத்தானை அழுத்திப் பழையதற்குத் திரும்புவதே சரி.

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் அதிகம் அறியப்படாத ஓர் உதவி உண்டு. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டபிள்யூலேன்ரிப்போர்ட் (netsh wlan show wlanreport) என்ற நான்கு சொற்களை ஆங்கிலத்தில் தட்டினால், கடந்த மூன்று நாட்களில் வைஃபை எப்போது இணைந்தது, எப்போது அறுந்தது, என்ன காரணம் பதிவாகியிருக்கிறது என்பதெல்லாம் ஓர் அறிக்கையாக வரும். அதில் வரும் நேரங்களையும் நீங்கள் ஹார்ட் டிஸ்க்கைப் பயன்படுத்திய நேரங்களையும் ஒப்பிட்டால் ஊகத்துக்கு வேலை இருக்காது. ஒரு வேண்டுகோள்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள். ஒரே மாலையில் ஐந்தை மாற்றினால், குணமானாலும் எது மருந்து என்று தெரியாது. மீண்டும் வந்தால் எங்கே தொடங்குவது என்றும் தெரியாது.

இவற்றில் எதற்கும் மசியாவிட்டால், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தை, நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து ஓட்டி, அதிலும் இணைப்பு அறுகிறதா என்று பாருங்கள். அங்கும் அறுந்தால் விண்டோஸைக் குறை சொல்ல முடியாது. வைஃபை அட்டையையோ ஆன்டெனாவையோதான் பார்க்க வேண்டும். திரையையோ கீலையோ பழுதுபார்க்க லேப்டாப்பை எப்போதாவது திறந்திருந்தால், அட்டையின் மேல் குத்தி அமர்த்தும் இரண்டு மெல்லிய ஆன்டெனா வயர்களில் ஒன்று கழன்றிருக்க வாய்ப்பு அதிகம். இந்த முனைகள் நெல்மணியைவிடச் சிறியவை; அமர்ந்ததுபோல் தெரியும், அமர்ந்திருக்காது.

கேள்வி: எனது மேசைக் கணினி வைஃபையில் இணைந்திருப்பதாகக் காட்டுகிறது, இணையம் மட்டும் சில நாட்களில் வருவதில்லை. அப்போதெல்லாம் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குவதைக் கவனித்தேன். மற்ற நாட்களில் 192.168 என்று இருக்கிறது. இதற்கு என்ன பொருள்?

பதில்: நல்ல கவனிப்பு. கணினி வைஃபையில் நுழைந்ததும் தனக்கொரு முகவரி தரும்படி ரவுட்டரைக் கேட்கிறது. பதில் வராதபோது, 169.254 என்று தொடங்கும் ஒன்றைத் தானே சூட்டிக்கொள்கிறது. அதைக் கொண்டு இணையத்துக்குப் போக முடியாது. வைஃபை பட்டியலில் அந்தப் பெயரை மறக்கச் செய்து, கடவுச்சொல்லை மீண்டும் கொடுத்துச் சேருங்கள். ரவுட்டர் பகிர்ந்தளிக்கும் முகவரிகளின் எண்ணிக்கை மிகக் குறைவாக அமைக்கப்பட்டிருந்தால், கடைசியாக வரும் கருவி வெறுங்கையோடு நிற்கும். அந்த எல்லையைக் கூட்டிவிடுங்கள். முகவரியை நீங்களே கையால் நிரந்தரமாக எழுதிவைக்கும் குறுக்குவழியைப் பலர் சொல்வார்கள். அதே முகவரியை ரவுட்டர் ஒருநாள் வேறு கைபேசிக்குக் கொடுத்துவிட்டால், இரண்டும் மாறிமாறி அறுந்துகொண்டிருக்கும். ரவுட்டரிலேயே இந்தக் கணினிக்கென ஒரு முகவரியை ஒதுக்கிவைக்கும் வசதி இருந்தால் அதைச் செய்யுங்கள்.

கேள்வி: மேசைக்கு அடியில் இருக்கும் கணினியில் சிக்னல் குறைவு. வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் வாங்கலாமா?

பதில்: முதலில் கணினியின் பின்புறத்தைப் பாருங்கள். ஆன்டெனா அங்கே சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். ரவுட்டருக்கும் அதற்கும் நடுவே கணினியின் இரும்புப் பெட்டியே மறைத்துக்கொண்டிருக்கும். வயருடன் கூடிய ஆன்டெனாவை மேசைமேல் கொண்டுவந்து வைத்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரலாம். சிக்னல் அளவைக் காட்டும் செயலி ஒன்றில் மைனஸ் 67 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு) அல்லது அதைவிட நல்ல எண், அதாவது பூஜ்யத்துக்கு இன்னும் அருகிலான எண், வந்தால் காணொலிக் கூட்டத்துக்குப் போதும். மைனஸ் 80-ஐ நெருங்கினால் அறுப்புக்கு வாய்ப்பு அதிகம். எக்ஸ்டெண்டர்களில் ஒரே ரேடியோவால் கேட்டு அதே ரேடியோவால் திருப்பிச் சொல்பவை வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடும் என்பதால், அதை நான் கடைசி வழியாகவே சொல்வேன். இடம்விட்டு நகராத மேசைக் கணினிக்கு ரவுட்டரிலிருந்து ஒரு நெட்வொர்க் கேபிளை இழுத்துவிட முடியுமானால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 100 மீட்டர் வரை அது தாங்கும்.