ஒரு வாக்கியத்துக்கு ஏன் இத்தனை சண்டை? விக்கிப்பீடியாவும் செய்தி நிறுவனங்களும்: கேள்வி பதில்

இந்தியச் செய்தி நிறுவனமான ஏ.என்.ஐ. பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரை நீதிமன்றம் வரை போனதிலிருந்து, செய்தி நிறுவனங்களைப் பற்றிய கட்டுரைகளில் நடக்கும் தொகுத்தல் சண்டைகளை, அதாவது ஒருவர் எழுதியதை இன்னொருவர் மாற்றி மாற்றிப் போடுவதைப் பற்றிப் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். பல ஆண்டுகளாக அங்கே எழுதிவருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்த வழக்கு எதைப் பற்றியது சார்? (இதழியல் மாணவி)

2024 ஜூலையில் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டது. ஒன்றிய அரசின் பிரச்சாரக் கருவியாக இயங்கியதாகவும், போலிச் செய்தித் தளங்களின் சரக்கைப் பரப்பியதாகவும் அந்நிறுவனத்தின் மீது குற்றச்சாட்டு உண்டு என்று ஆங்கிலக் கட்டுரையின் முன்னுரை சொன்னது. இது அவதூறு என்றது ஏ.என்.ஐ. எழுதியவர்கள் தன்னார்வலர்கள், நாங்கள் இடம் கொடுப்பவர்கள் மட்டுமே என்றது விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை. ஆகஸ்டில், தொகுத்த மூன்று பேரின் விவரங்களைக் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். அன்றைக்கு எனக்கு வந்த அழைப்புகளில் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: “நாளைக்கு நம்ம பேரும் வருமா?” நவம்பரில் ஒரு ஏற்பாட்டுக்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. பெயர்கள் வெளியே தெரியாதபடி அறக்கட்டளையே அவர்களுக்கு அழைப்பாணையைச் சேர்ப்பிக்கும் என்று முடிவானது.

‘குற்றம் சாட்டப்பட்டுள்ளது’ என்று போட்டுவிட்டால் எதை வேண்டுமானாலும் எழுதலாமா? (கல்லூரி ஆசிரியர்)

கூடாது. பாதிச் சண்டை இந்த ஒரு சொல்லால்தான் வருகிறது. மூன்று வாக்கியங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

“இது அரசின் ஊதுகுழல்.”

“இது அரசின் ஊதுகுழலாகச் செயல்படுவதாகக் குற்றம் சாட்டப்பட்டுள்ளது.”

“இன்ன இதழ் இன்ன ஆண்டில் வெளியிட்ட புலனாய்வுக் கட்டுரை, இன்னின்ன செய்திகளைக் காட்டி இதை அரசின் ஊதுகுழல் என்றது; நிறுவனம் மறுத்தது.”

முதல் வாக்கியத்தில் கலைக்களஞ்சியமே தீர்ப்பு எழுதுகிறது. இரண்டாவது நடுநிலை போலத் தெரியும். ஆனால் யார் சாட்டினார்கள்? ‘பட்டுள்ளது’ என்ற விகுதி சொன்னவரை மறைத்துவிடுகிறது. நம் நாளிதழ்களின் ‘கூறப்படுகிறது’ பழக்கம் அப்படியே உள்ளே வந்துவிடுகிறது. எனக்கு மூன்றாவதுதான் வேண்டும். ஏ.என்.ஐ. விஷயத்தில் அப்படி எழுத முடியும். பிரஸ்ஸல்ஸிலிருந்து இயங்கும் ஈ.யூ. டிஸ்இன்ஃபோலேப் அமைப்பு 2020 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, ஒரு போலித் தள வலையமைப்பின் செய்திகளை ஏ.என்.ஐ. எடுத்துப் பரப்பியதாகச் சொன்னது. சொன்னவர், நாள், சொன்ன செய்தி மூன்றும் இருக்கின்றன. விமர்சனத்தை முன்னுரையில் வைப்பதா, உள்ளே ஒரு பத்தியில் வைப்பதா என்பது தனிக் கேள்வி. நல்ல மூலங்கள் அதற்கு எவ்வளவு இடம் தருகின்றனவோ, அந்த அளவுக்குத்தான் நாமும் தரலாம்.

நான் எழுதியதை ஒருவர் அழித்துக்கொண்டே இருக்கிறார் அண்ணா. நானும் திருப்பிப் போடுகிறேன். (புதிய பயனர்)

நிறுத்துங்கள் தம்பி. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால், அதாவது மற்றவர் செய்த மாற்றத்தை நீக்கிப் பழையபடி ஆக்கினால், தடை வரும். உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் வரும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு செய்தித் தொலைக்காட்சி பற்றிய கட்டுரையில் ‘நம்பர் ஒன்’ என்று ஒருவர் சேர்த்தார். எடுத்தேன். மறுபடி சேர்த்தார். மூன்றாம் முறை ‘மீளமை’யை அழுத்தப் போன கையை இழுத்துக்கொண்டு, கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் உரையாடல் பக்கத்துக்குப் போனேன். “எந்த ஆண்டு, எந்தக் கணக்கெடுப்பில் முதலிடம்? சுயேச்சையான மூலம் இருக்கிறதா?” என்று கேட்டேன். அந்தச் சேனலின் விளம்பரத்தையே காட்டினார். பேசப்பேச, அங்கே வேலை பார்ப்பதாக அவரே ஒப்புக்கொண்டார். ‘நம்பர் ஒன்’ போனது. ஆனால் ஒளிபரப்பு தொடங்கிய நாளைப் பற்றி அவர் சொன்னது சரி. நாங்கள் சோதனை ஒளிபரப்பின் நாளைப் போட்டிருந்தோம். உரையாடல் பக்கத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் அந்தப் பிழை இன்னும் கிடந்திருக்கும்.

கடைசியில் நிர்வாகிதானே முடிவு செய்வார்?

இல்லை. நிர்வாகி பக்கத்தைப் பூட்டலாம், பயனரைத் தடுக்கலாம். உள்ளடக்கத்தைப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். தலைகளை எண்ணுவதும் கிடையாது, வாதத்தின் கனம்தான் பார்க்கப்படும்.

ஒரு சேனலை நம்பலாமா கூடாதா என்று யார் சொல்வது? (நூலகர்)

தொகுப்பவர்களே விவாதித்து, அதன் முடிவை எழுதி வைக்கிறார்கள். 2017 பிப்ரவரியில் பிரிட்டன் நாளிதழான டெய்லி மெயிலைப் பொதுவாக மூலமாகக் கொள்ள வேண்டாம் என்று முடிவானது. அமெரிக்கச் செய்திச் சேனலான ஃபாக்ஸ் நியூஸ் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. 2020 ஜூலையில் வந்த முடிவு பலருக்கும் ஏமாற்றம்: அரசியல், அறிவியல் செய்திகளில் ஒருமித்த கருத்து இல்லை, கவனமாகக் கையாளுங்கள், மற்றச் செய்திகளுக்குப் பயன்படுத்தலாம். அரசியல் செய்திகளைப் பற்றிய நிலைப்பாடு பிறகு இன்னும் இறுகியது. ஒரு நிறுவனத்தை மொத்தமாகத் தூக்கி எறியாமல் துறை துறையாகப் பிரித்துப் பார்த்த அந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏ.என்.ஐ. வழக்கைப் பற்றிய விக்கிப்பீடியாப் பக்கத்தையே நீக்கினார்களாமே?

ஆமாம். உயர் நீதிமன்றம் சொன்னதால் 2024 அக்டோபரில் அந்தப் பக்கம் எடுக்கப்பட்டது. 2025 மே 9 அன்று அந்த நீக்க உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நடக்கும் வழக்கைப் பற்றி மக்கள் பேசக்கூடாது என்றால் யார் எதைப் பேசுவது? அந்தத் தீர்ப்பு வந்த அன்று எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது.

நான் ஒரு சேனலில் வேலை பார்க்கிறேன். எங்களைப் பற்றித் தவறாக எழுதியிருக்கிறது. நானே திருத்தலாமா?

நேரடியாகத் திருத்தாதீர்கள். இன்ன இடத்தில் வேலை பார்க்கிறேன் என்று உங்கள் பயனர் பக்கத்தில் எழுதுங்கள். சம்பளத்துக்குத் தொகுப்பவர் அதை வெளிப்படுத்தியே ஆக வேண்டும் என்பது விதி. பிறகு உரையாடல் பக்கத்தில், தவறான வாக்கியம், சரியான வாக்கியம், அதற்கு ஒரு வெளி மூலம் என்று வரிசையாகக் கொடுங்கள். கோபமான நீண்ட கடிதத்தை விட இதற்குப் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. தொடர்ந்து எழுதலாமா? (மாணவர்)

பயம் நியாயம்தான். சொந்தப் பெயரில் கணக்கு வேண்டாம், புனைபெயர் போதும். கணக்கில்லாமலும் தொகுக்க வேண்டாம். அப்படிப் பழைய நாளில் தொகுத்தவர்களின் ஐ.பி. முகவரிகள் (கணினியின் இணைய எண்கள்), யார் எப்போது திருத்தினார்கள் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தில் வெளிப்படையாக இருந்தன. 2007இல் வந்த விக்கிஸ்கேனர் என்ற கருவி அவற்றை வைத்தே, செய்தி நிறுவனங்களின் கணினிகளிலிருந்து போன திருத்தங்களைக் காட்டிக்கொடுத்தது. இன்னொன்று: மேற்கோள் காட்டும் பக்கத்தின் நகலை அன்றைக்கே இணையக் காப்பகத்தில் சேமித்து, அந்த இணைப்பையும் சேர்த்துப் போடுங்கள். மூலப் பக்கம் நாளைக்குக் காணாமல் போனாலும் யார் வந்து கேட்டாலும் காட்டலாம்.