வெப் படங்களின் நிறம்

அன்புள்ள ஐயா,

கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கிறேன். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த கரினா நெபுலாவின் படத்தை வகுப்பில் காட்டியபோது, "கண்ணுக்குத் தெரியாத ஒளி என்கிறீர்களே டீச்சர், அப்படியானால் இந்த நிறமெல்லாம் சாயம் பூசியதா?" என்று ஒரு மாணவி கேட்டாள். என்ன சொல்வது?

அன்புள்ள ஆசிரியைக்கு,

மாணவி பாதி தூரம் சரியாகவே வந்திருக்கிறாள். நிர்கேம் எனப்படும் அந்த அண்மை அகச்சிவப்பு கேமரா நிறத்தைப் பதிவதில்லை. குறிப்பிட்ட அலைநீளங்களை மட்டும் உள்ளே விடும் ஒவ்வொரு வடிகட்டியின் வழியாகவும் வந்து சேரும் ஒளியின் அளவைக் கறுப்பு வெள்ளையாக மட்டுமே பதிகிறது. நம் கண் ஏறத்தாழ 0.7 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அலைநீளத்தோடு நின்றுவிட, இது 0.6 முதல் 5 மைக்ரான் வரை காண்கிறது. பிறகு குறுகிய அலைநீளத்துக்கு நீலம், நெடியதற்குச் சிவப்பு என்று வரிசை பிறழாமல் நிறம் தருகிறார்கள். கட்டை மாறினாலும் ராகம் மாறாததைப் போன்றது இது. (கர்நாடக இசை மேதை செம்பை பிறந்த மாவட்டத்துக்காரருக்கு இந்த உவமையைச் சொல்லச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.)

பாலக்காட்டுக் கணவாயில் புழுதி எழும் மாலைகளில், நீல ஒளி வழியிலேயே சிதறிவிடச் சூரியன் செக்கச்சிவந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அலைநீளம் கூடக்கூட நுண்ணிய தூசு ஒளியைத் தடுப்பது குறையும். ஆகவேதான் கரினாவின் தூசுக்குள் ஒளிந்திருந்த இளம் விண்மீன்கள் 2022 ஜூலையில் வெளியான அந்தப் படத்தில் வெளிப்பட்டன.

இதைவிட எனக்கு வியப்பளிப்பது, ஒரு விண்மீன் திரள் ஒரு வடிகட்டியில் தெரியாமல் அடுத்ததில் தெரிவதை வைத்தே அதன் தொலைவை மதிப்பிடும் முறை. மிகத் தொலைவிலுள்ள திரள்களிலிருந்து 0.1216 மைக்ரானுக்குக் குறைந்த அலைநீளத்தில் புறப்படும் ஒளியை வழியிலுள்ள ஹைட்ரஜன் விழுங்கிவிடுகிறது. பிரபஞ்சம் விரியும்போது அந்த எல்லையும் நீண்டு, செம்பெயர்ச்சி (ஒளி வழியில் எவ்வளவு நீண்டது என்பதன் அளவு; அது கூடினால் தொலைவும் கூடும்) 14.3 கொண்ட திரளில் சுமார் 1.86 மைக்ரானுக்கு வந்துவிடுகிறது. அதற்குக் கீழுள்ள வடிகட்டிகளில் அந்தத் திரள் இருக்காது.

ஏமாற்றம் நேர்வதானால் இங்கேதான் நேரும், வண்ணம் கொடுப்பதில் அல்ல. 2022இல் செம்பெயர்ச்சி 16 என மதிப்பிடப்பட்ட ஒரு திரள், பின்னர் நிறமாலை எடுத்து, அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது வெறும் 4.9 என்று தெரியவந்தது. அதன் தூசும், குறிப்பிட்ட அலைநீளங்களில் அது வெளியிட்ட வலுவான ஒளியும் சேர்ந்து தொலைதூரத் திரளைப் போல வேடம் கட்டியிருந்தன. கேமரா ஐயத்தை எழுப்பும். முடிவைச் சொல்ல நிறமாலைமானி வேண்டும்.

ஒரே இடத்தை வெவ்வேறு வடிகட்டிகளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் பொதுவில் கிடைக்கின்றன. அவற்றை வரிசையாக ஒட்டிவைத்து, எந்தப் புள்ளி எந்தப் படத்தில் காணாமல் போகிறது என்று அந்த மாணவியையே தேடச் சொல்லுங்கள்.