கம்பெனி வக்கீலுக்கு இப்போது என்ன வேலை?

(இன்சூரன்ஸ் நிறுவனம் ஒன்றின் சட்டப் பிரிவில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: மகள் சட்டம் படித்துவிட்டு இரண்டு வருடமாக ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறாள். இப்போது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் லீகல் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. "கறுப்பு கோட்டைக் கழற்றிவிட்டு ஃபைல் தூக்கப் போகிறாயா?" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அனுப்பலாமா? (வாசகி, மதுரை)

பதில்: கோட்டைக் கழற்றத்தான் வேண்டும். முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வக்கீலாக ஆஜராகக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி; எழுதிக் கொடுத்து பிராக்டிஸை நிறுத்தி வைக்க வேண்டும், வேலையை விட்டால் திரும்பவும் தொடங்கிக்கொள்ளலாம். இன்னொன்றையும் மகளிடம் சொல்லுங்கள். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வெளியே சொல்ல வேண்டியதில்லை என்ற பாதுகாப்பு, சம்பளத்துக்கு இருக்கும் கம்பெனி வக்கீலுக்குக் கிடையாது என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் மேனேஜருக்குப் போடும் ஒவ்வொரு குறிப்பையும், நாளை ஒரு நீதிபதி படிக்கக்கூடும் என்ற நினைப்போடு எழுதட்டும்.

ஃபைல் தூக்குவது என் காலத்துக்குப் பொருந்தும். காலையில் உட்கார்ந்ததும் பேனல் வக்கீல்களுக்கு, அதாவது கம்பெனிக்காக கோர்ட்டில் ஆஜராகும் வெளி வக்கீல்களுக்கு, போன் போட்டு, எந்த ஊரில் எந்தக் கேஸுக்கு வாய்தா என்று நோட்டில் குறிப்பது, நாடா கட்டிய கட்டுகளை அனுப்புவது, தீர்ப்பு வந்தால் அப்பீல் போகலாமா என்று நாலு வரி எழுதுவது, அவ்வளவுதான். சண்டை முடிந்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். இப்போது பாலிசியின் வாசகம் எழுதும்போதே சட்டப் பிரிவு உட்கார வேண்டியிருக்கிறது. ஹெல்த் க்ளெய்மை ஒரு தனி அதிகாரி தன்னிஷ்டத்துக்கு மறுக்க முடியாது, அதற்கான குழு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று 2024-ல் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பான ஐஆர்டிஏஐ சொல்லிவிட்டது. நோயாளிகளின் விவரங்களைப் பத்திரமாக வைக்க 2023-ன் தனிநபர் தரவுச் சட்டம் வேறு. தாராளமாக அனுப்புங்கள்.

கேள்வி: க்ளெய்மை மறுக்கக் காரணம் தேடித் தருவதுதானே கம்பெனி வக்கீலின் வேலை? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஏனென்றால் அந்த வேலையை நானே செய்திருக்கிறேன். விபத்து வழக்கென்றால் நாங்கள் கோர்ட்டில் தாக்கல் செய்யும் பதில் மனுவில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "டிரைவருக்கு பேட்ஜ் இல்லை." பேட்ஜ் என்பது சரக்கு, வாடகை வண்டி ஓட்டத் தனியாக வாங்கும் அனுமதி. லைட் வண்டி லைசென்ஸ் கையில் இருக்கும், வண்டியும் சின்ன லோடு வண்டிதான், ஆனாலும் பேட்ஜ் இல்லை என்று சொல்லிப் பணம் கட்டும் பொறுப்பை வண்டிக்காரர் தலையில் தள்ளப் பார்ப்போம். செத்தவரின் மனைவி கைக்குழந்தையோடு தீர்ப்பாயத்தின் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார், நாங்கள் வாய்தா வாங்கிக்கொண்டு போவோம். அது தப்பு என்று அன்றே எனக்குத் தெரியும், ஆனாலும் கையெழுத்துப் போட்டேன்.

7,500 கிலோ வரையான சரக்கு வண்டிக்கு லைட் லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது; 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து அதையே உறுதி செய்தார்கள். அந்த ஒரு வரி போச்சு. அதோடு, விபத்துத் தகவல் வந்ததும் கம்பெனி ஓர் அதிகாரியை நியமித்து, தானாகவே ஒரு தொகையைச் சொல்லிச் சமாதானத்துக்கு வர வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் இருந்து நடைமுறை. லாரி திருடுபோன கேஸ் ஒன்றில், ஆர்டிஓ தர மறுத்த ஆர்.சி. நகலைக் கொண்டு வந்தால்தான் பணம் என்று ஒரு கம்பெனி பிடிவாதம் பிடித்தது. ஆளால் கொண்டுவர முடியாத காகிதத்தைக் கேட்டு க்ளெய்மை மறுக்காதே என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. இதையெல்லாம் படித்துவிட்டு, "சார், இது நிற்காது, கொடுத்துவிடுங்கள்" என்று மேலதிகாரி முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் இன்று கம்பெனி வக்கீலின் முதல் வேலை. அப்படிச் சொல்ல எல்லோருக்கும் தைரியம் இருக்கிறதா என்றால், இல்லை. வழக்கு நடத்தும் செலவைக் கணக்குப் போட்டுக் காட்டினால் மேலதிகாரிகளும் கேட்பார்கள் என்பது என் அனுபவம்.

கேள்வி: ஆறு வருடமாக விடாமல் ஹெல்த் பாலிசி கட்டுகிறேன். சர்க்கரை நோயை மறைத்தேன் என்று க்ளெய்மை மறுத்துவிட்டார்கள். வக்கீல் வைக்கணுமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இடைவெளி இல்லாமல் ஐந்து வருடம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்ட முடியாது. ஆனால் நடுவில் காப்பீட்டுத் தொகையைக் கூட்டியிருந்தால், கூட்டிய பகுதிக்கு அந்தத் தேதியில் இருந்துதான் கணக்கு. முதலில் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால், ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்து உத்தரவு போடும், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதுங்கள். கட்டணம் கிடையாது, 50 லட்சம் வரை விசாரிப்பார்கள், அங்கே உங்களுக்காக வக்கீல் ஆஜராக முடியாது, நீங்களே பேச வேண்டும். உத்தரவு உங்கள் பக்கம் வந்தால் 30 நாளில் கொடுத்தாக வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குச் சேரும். மறுப்புக் கடிதத்தின் கவரைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் இருக்கும் தபால் முத்திரைத் தேதி தேவைப்படும்.