வீடு மாறி இரண்டு வருடம் ஆகிறது, பூத் சிலிப் வரவில்லை, வாக்காளர் அட்டையும் தொலைந்துவிட்டது: ஓட்டுப் போட முடியுமா?

போடலாம், வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால். சிலிப் வராததும் அட்டை தொலைந்ததும் தடையே இல்லை. ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் இவற்றில் ஏதாவது ஒன்றின் அசல் போதும். ஜெராக்ஸ் வேண்டாம்.

சிலிப் வராததற்குப் பெரும்பாலும் காரணம், பூத் அலுவலர் வந்தபோது வீடு பூட்டியிருந்திருக்கும். ஆனால் வீடு மாறி இரண்டு வருடம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது. முகவரி மாற்ற படிவம் 8 கொடுக்கவில்லை என்றால் உங்கள் ஓட்டு இன்னும் பழைய ஏரியா பூத்தில்தான் இருக்கக்கூடும். அப்படியிருந்தால் அங்கேதான் போக வேண்டும், புது வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் விடமாட்டார்கள்.

இன்றே பார்த்துவிடுங்கள்:

1. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் பெயர், வயது, தொகுதி கொடுத்துத் தேடலாம், அட்டை எண் தேவையில்லை. இல்லையென்றால் 1950க்குப் போன் செய்யுங்கள்.

2. பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். போனில் வைத்துக்கொண்டு பயனில்லை, பூத்துக்குள் போன் கூடாது. மறந்துவிட்டால் வெளியே மேசை போட்டிருக்கும் கட்சிக்காரர்களே தேடிக் கொடுப்பார்கள். எந்தக் கட்சி மேசை என்றெல்லாம் பார்க்காதீர்கள்.

ஒன்று மட்டும்: கடைசி நேரத்தில் சிலிப் கிடைத்தாலும் அதை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். 2019 தேர்தலிலிருந்து சிலிப்பைத் தனி அடையாள ஆவணமாக ஏற்பதில்லை. அப்புறம், பட்டியலில் பெயரே இல்லையென்றால் எந்த அட்டையைக் காட்டினாலும் இந்தத் தடவை முடியாது.